பதினைந்து கட்டில், தொண்ணூறு கலம் நெல்: தெரியுமா?

நம் ஊர் ராஜகுளத்தில் யாருக்காவது காய்ச்சல் அடித்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஜி.எச்.சா, பிரைவேட்டா?" அங்கே போனால் நேரம் போகும், இங்கே போனால் பணம் போகும். சரி, பொதுச் செலவில் நடக்கும் ஆஸ்பத்திரியே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான் என்று நினைக்கிறீர்களா? ஒரு நடை திருமுக்கூடல் போய் வாருங்கள்!

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அந்த ஊரின் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு ஊருக்கே தெரியும். இதைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். இதில் வருவது வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, 15 படுக்கை! வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு? வெறும் 30 கலம்! (இன்றைய சர்ஜன் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.) மூலிகை கொண்டுவர ஆள், மருந்து காய்ச்சவும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவும் பெண்கள், நாவிதர், தண்ணீர் ஊற்றுபவர், நோயாளிக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி, இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. எண்ணெய்க் கணக்குகூட விடுபடவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: சிகிச்சை கோயில் ஊழியருக்கும் அங்கிருந்த பாடசாலை மாணவருக்கும்தான். வெளியே வயலில் நின்றவன் அந்தக் கணக்கில் இல்லை.

இன்றைய கணக்குக்கு வருவோம். 2017-18இல் மத்திய அரசு எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமத்துக்காரர் ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் அரசு மருத்துவமனையில் சராசரிச் செலவு 4,290 ரூபாய். தனியாரில் 27,347 ரூபாய்! பிரசவம் இதில் சேராது. ஆறு மடங்குக்கும் மேல்!

அப்படியானால் காத்திருப்பு? பிரிட்டனில் 1948 முதல் அரசு மருத்துவம் இலவசம். ஆனால் மூட்டு மாற்ற வேண்டும் என்றால் டாக்டர் கடிதம் கொடுத்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதே அங்கே இலக்கு, அதுவும் பலருக்குத் தவறுகிறது. கனடாவில் எல்லாச் சிறப்புச் சிகிச்சைக்கும் சேர்த்து ஃபிரேசர் ஆய்வு நிறுவனம் 2024இல் போட்ட காத்திருப்புக் கணக்கு 30 வாரம்! நம்மூர் ஓ.பி.யில் சீட்டுக்கு, டாக்டருக்கு, ரத்தப் பரிசோதனைக்கு, மாத்திரைக்கு என்று நாலு வரிசை நின்றாலும் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். என்ன, அன்றைய கூலி போச்சு. அது மருத்துவச் செலவுக் கணக்கில் சேராது. மாலையில் தனியார் கிளினிக் போனால் மட்டும்? காசும் கொடுத்து, டோக்கனும் வாங்கி, டாக்டர் எப்போது வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

அந்த நாலாவது வரிசையில் கிடைக்கும் மாத்திரைக்கும் ஒரு கதை உண்டு. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. ராஜஸ்தான் இதைப் பார்த்துத்தான் தனக்கும் ஒன்று அமைத்துக்கொண்டது!

வயலில் பாம்பு கடித்தால் வரிசையாவது ஒன்றாவது! ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விஷமுறிவு ஊசி இலவசம். நாட்டில் அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி எங்கிருந்து போகிறது தெரியுமா? மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் இருளர்கள் 1978 முதல் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து! நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நாலையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. சாலை விபத்தில் அடிபட்டால், "ஜி.எச்.சா, பிரைவேட்டா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கவே வேண்டாம்! 2021 டிசம்பர் 18 அன்று நம் பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் செலவு, ஓர் உச்சவரம்புக்குள், அரசுடையது. அடிபட்டவர் வெளிமாநிலத்தவரானாலும் சரி, வெளிநாட்டவரானாலும் சரி. 49ஆவது மணி நேரத்தில்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கேயே தொடரலாம். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும், அல்லது கைக்காசு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அந்த அட்டை கிடைக்கும். உங்கள் வீட்டு அட்டை பீரோவில் எந்தப் புடவைக்கு அடியில் இருக்கிறதோ, பார்த்தீர்களா?