ஆன் என்றால் பூஜ்யம்

பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர்கள் ஆய்வக அலமாரியில் டாஸ்-16 என்ற டேட்டா அக்விசிஷன் கார்டு ஒன்று, ஐசா ஸ்லாட் உள்ள பழைய கம்ப்யூட்டரோடு சும்மா கிடக்கிறதாம். கையேடு தொலைந்துபோனதால் காயலான் கடைக்குப் போடச் சொல்கிறார்களாம். சுவிட்சுகளை எப்படி வைப்பது என்று கேட்கிறார்.

போடாதீர்கள். மெட்ராபைட் நிறுவனம் செய்த அந்தக் கார்டு வோல்ட்டேஜை 12 பிட் எண்ணாக மாற்றித் தரும். பூஜ்யம் முதல் 10 வோல்ட் வரை 4,096 படிகள். ஒரு படி 2.44 மில்லிவோல்ட். கல்லூரிச் சோதனைக்கு இது தாராளம். தொலைந்தது நாலு தாள்தானே, கார்டு என்ன பாவம் செய்தது?

முதலில் முகவரி சுவிட்ச். வரிசையாக ஆறு பொடி சுவிட்சுகள். மதிப்பு 512, 256, 128, 64, 32, 16. வழக்கமான முகவரி ஹெக்ஸில் 300, அதாவது 768. ஐபிஎம் தன் பிசியில் சோதனைக் கார்டுகளுக்கென்று ஒதுக்கிய இடம் அது. அதனால் கண்ட கார்டெல்லாம் அங்கேயே வந்து உட்காரும். பழைய நெட்வொர்க் கார்டும் பெரும்பாலும் 300-இல்தான் இருக்கும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் ஒன்றை நகர்த்தியே ஆக வேண்டும்.

512-ம் 256-ம் சேர்ந்தால் 768. அப்படியானால் முதல் இரண்டையும் ஆன் செய்ய வேண்டியதுதானே? இல்லை, அவை இரண்டும் ஆஃப்; மற்ற நான்கும் ஆன். எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இதுதான். ஒவ்வொரு சுவிட்சின் கம்பியையும் ஒரு ரெசிஸ்டர் 5 வோல்ட்டோடு கட்டி வைத்திருக்கிறது. ஆன் செய்தால் அந்தக் கம்பி கிரவுண்டில் சேர்ந்து பூஜ்யமாகிறது. எங்கள் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒல்லிக் குழாயும் இப்படித்தான்: கீழே திறந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், மூடினால் முழு அழுத்தமும் நிற்கும். ஆன் என்பது இங்கே குழாயைத் திறந்துவிடுவது. தலைகீழாக வைத்தால் முகவரி 240 ஆகிவிடும். ஏடி வகைக் கம்ப்யூட்டரில் அது கணிதத் துணைச் சில்லின் இடம்.

பிற சுவிட்சுகள் எளியவை. ஒன்று 16 தனிச் சேனலா, 8 டிஃபரன்ஷியல் சேனலா என்று கேட்கும். தெர்மோகப்பிளுக்கு எட்டே நல்லது. கெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று மென்பொருளுக்குத் தானாகத் தெரியாது. அதை ±10 வோல்ட்டில் வைத்துவிட்டு நிரலில் ±5 என்று எழுதினால் அளவெல்லாம் பாதியாக வரும். செருகினாலே எல்லாம் தானாக நடக்கும் யுஎஸ்பி காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கார்டு உயிரோடு இருக்கலாம்.

மின்சாரத்தில்தான் அநியாயம் அதிகம் நடக்கிறது. கனெக்டரில் வெளியே வரும் 5 வோல்ட் கம்ப்யூட்டரின் சொந்த சப்ளை. அங்கே ஷார்ட் ஆனால் கம்ப்யூட்டரே படுத்துவிடும். அதில் ரிலேயைக் கட்டி ஓட்டுவதைப் பல ஆய்வகங்களில் பார்த்திருக்கிறேன். ரிலேக்குத் தனி சப்ளை கொடுங்கள். அதன் மின்னோட்டம் திரும்பும் வழி சென்சாரின் கிரவுண்டாக இருக்கவே கூடாது. 0.1 ஓம் உள்ள ஒயரில் 100 மில்லிஆம்பியர் ஓடினாலே 10 மில்லிவோல்ட் பிழை, அதாவது நாலு படி. அதைக் கவனிக்காமல் சென்சாரைத் திட்டுவதுதான் நம் வழக்கம்.

ஆசிரியரே, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுக் கார்டைத் தொடுங்கள். இப்போதிருக்கும் சுவிட்ச் நிலையை முதலில் படம் பிடித்து, அச்செடுத்துப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். சுவிட்சைத் தள்ளப் பென்சில் மட்டும் வேண்டாம். கிராஃபைட் தூள் மின்சாரம் கடத்தும். பழைய பால்பாயிண்ட் பேனாவின் முனை போதும்.