ஓசை தேடி – 7: இசைந்தால் இசை

புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் ஓர் ஐப்பசி ராத்திரி. மழை விட்டிருந்தது, கரண்டும் போயிருந்தது. வீட்டுக்குப் பின்னால் காலி மனைகளில் தேங்கிய தண்ணீரில் தவளைகள் ஆரம்பித்திருந்தன. (ஊர்ப் பெயருக்கும் தவளைக்கும் உறவுண்டா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம்.) சென்னையிலிருந்து வந்திருந்த நண்பர் பாயில் எழுந்து உட்கார்ந்து, "இந்தச் சத்தத்துல எப்படி சார் தூங்குறீங்க?" என்றார். எந்தச் சத்தம் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. போன மாதம் அவர் வீட்டில் தங்கியபோது மேம்பாலத்து லாரிகள் என்னைத் தூங்க விடவில்லை. அவருக்கோ அவை காதிலேயே விழவில்லை.

எது இசை, எது இரைச்சல்? போன வாரம் நிறுத்திய இடமும் இதுதான்.

இயற்பியல் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1920-இல் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் நம் மத்தள வகைகளைப் பற்றி எழுதினார்கள். வெறும் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் எழும் துணை அதிர்வுகள் ஒன்றுக்கொன்று கணக்கில் வராதவை. மிருதங்கத்தின் வலந்தலையில், கல்தூளும் சோறும் குழைத்து, தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற கறுப்பு வட்டம் அவற்றை 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் நிற்க வைக்கிறது. அதனால்தான் அது சுருதி சேர்கிறது. கணக்கு சேர்ந்தால் இசை, சேராவிட்டால் இரைச்சல். முடிந்ததா?

முடியவில்லை. பறையில் கறுப்பு வட்டம் கிடையாது. தீயில் காய்ச்சி அடிக்கிறார்கள். அடி விழுந்ததும் நம் கால் தானாக அசைகிறது. அதை நெடுங்காலம் சாவு வீட்டுச் சத்தமாகவே ஒதுக்கிவைத்தது ராமனின் கணக்கு அல்ல, சாதியின் கணக்கு.

தம்புராவையும் பாருங்கள். தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் இருக்கும். அதை எடுத்துவிட்டு மீட்டினால் 'டங்' என்று மொட்டையாக நின்றுவிடும். நூலைச் செருகி, மயிரிழை நகர்த்தினால் தந்தி குதிரையை உரசி உரசி ரீங்கரிக்கத் தொடங்கும். தந்தி உரசினால் பல வாத்தியங்களில் அது பழுது, ரிப்பேருக்குப் போகும். இங்கே வேண்டுமென்றே உரச வைத்து, அந்த நூலுக்கு 'ஜீவா' என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

இப்படி இரைச்சலையே முழுக் கச்சேரியாக்கியவர் பிரான்ஸ் நாட்டு வானொலிக்காரர் பியர் ஷேஃபர். 1948-இல், புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தபோது, பாரீஸின் பத்திஞோல் நிலையத்தில் ரயில் இன்ஜின்களைப் பதிவு செய்து அதைக் கொண்டே ஓர் இசைக்கோவை அமைத்தார். அன்று அவர் கையில் டேப் கிடையாது, இசைத்தட்டுதான். தட்டின் வரியை வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதே துண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருமுறை 'தடக்' என்றால் ரயில். இருபது முறை அதே 'தடக்' வந்தால் காது ரயிலை மறந்துவிட்டுத் தாளம் போடத் தொடங்குகிறது. வானொலியில் அந்த நிகழ்ச்சிக்கு வைத்த பெயரே இரைச்சல் கச்சேரி என்பதுதான்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இன்னொரு படி போனார். 1946-இல் நியூயார்க் சென்ற அகமதாபாத் பக்வாஜ் மத்தளக் கலைஞர் கீதா சாராபாய் அவருக்கு நம் இசையைச் சொல்லித்தர, பதிலுக்கு அவர் மேற்கத்திய இசையைச் சொல்லித்தந்தார். 1952-இல் கேஜின் புதிய படைப்பு அரங்கேறியது. பியானோ கலைஞர் டேவிட் டியூடர் பியானோ முன் உட்கார்ந்து, மூடியை மூடித் திறந்து, 4 நிமிடம் 33 விநாடி ஒன்றும் வாசிக்காமல் எழுந்தார். அந்த நேரத்தில் காதில் விழுந்ததெல்லாம்தான் இசை. அதே டியூடர்தான் 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரை நிறுவி, மின்னணு இசைக்கூடம் அமைக்க உதவினார். கீதா சாராபாயும் அங்கே இசை அமைத்தார்.

இதெல்லாம் ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு நம் சொல்லே பதில் சொல்வதாகப் படுகிறது. இசை என்றால் பாட்டு மட்டுமா? 'இசைந்தான்' என்றால் சம்மதித்தான். நாம் சம்மதம் கொடுத்த ஓசை இசை. சம்மதம் மறுக்கப்பட்ட ஓசைக்காகப் போய் மன்றாடுவதுதான் பரிசோதனை இசைக்காரரின் தொழில். ஷேஃபர் திரும்பத் திரும்பச் சுற்றி மன்றாடினார். கேஜ் வாயை மூடிக்கொண்டு மன்றாடினார்.

சம்மதம் பறிபோனால் நல்ல பாட்டும் கெட்டுவிடும். எனக்கு நாதஸ்வரம் உயிர். ஆனால் கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் விடியற்காலை 4 மணிக்கு அதை ஜன்னல் வழியே திணித்தால், தலையணையைத்தான் தேடுகிறேன். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டம் ராகம் என்னவென்று கேட்பதில்லை.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். நான் தூங்கிப்போனேன். எத்தனை மணியோ, நண்பர் தோளைத் தொட்டு எழுப்பினார். வெளியே நிசப்தம், தவளைகள் அத்தனையும் ஒன்றாக ஓய்ந்திருந்தன.

"ஏன் சார் நிறுத்திட்டாங்க?" என்றார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: உலோகக் குழாயையும் கல்லையும் பாடவைக்கும் ஆரோவில் 'ஸ்வரம்' பட்டறை.