தாத்தாவின் இடிக்கல்லும் லோனார்க் கண்ணாடியும்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு கறுப்புக் கல் உண்டு. கைக்குள் அடங்கும்; ஆனால் கனம் அதிகம். ஒருபுறம் கண்ணாடிபோல் மின்னும், மறுபுறம் தேன்கூடுபோல் ஓட்டைகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய என் தாத்தா, கூடலூர்ப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் செடி நடக் குழி வெட்டியபோது கிடைத்ததாம். வானத்திலிருந்து விழுந்த இடிக்கல் அது என்பது அவர் கட்சி. சென்ற ஆண்டு அதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். அது விண்கல்லோ, விண்கல் மோதி உருகிய பாறையோ என்று அறியும் ஆசையில் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

விண்கல் மோதினால் பாறை உருகுமா? உருகும். நம் நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற சான்று, மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்திலுள்ள லோனார் ஏரி. ஏறத்தாழ 1.8 கி.மீ. அகலமுள்ள வட்டப் பள்ளம் அது. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பான பசால்ட் பாறையில் அமைந்திருப்பதால், எரிமலை வாய் என்றே பலரும் நெடுங்காலம் கருதினர். எரிமலைப் பாறையில் ஒரு பள்ளம் என்றால் வேறென்ன தோன்றும்? 1896-இல் அமெரிக்க அறிஞர் கில்பர்ட், லோனாரைத் தம் நாட்டு அரிசோனாப் பள்ளத்தோடு ஒப்பிட்டார். வேடிக்கை என்னவென்றால், அரிசோனாப் பள்ளமே நீராவி வெடிப்பால் ஆனது என்பது அவர் முடிவு! பின்னாளில் இரண்டுமே விண்கல் பள்ளங்கள் என உறுதிப்பட்டன.

லோனார் வழக்கைத் தீர்த்தவை நுண்ணிய கண்ணாடித் துணுக்குகள். 1973-இல் ஃபிரெட்ரிக்சன், தூபே, மில்டன், பாலசுந்தரம் ஆகிய நால்வர் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், பள்ளத்தின் அடியில் துளையிட்டு எடுத்த நொறுங்கிய பாறையில் மாஸ்கலினைட் இருப்பதைக் காட்டினர். ஃபெல்ட்ஸ்பார் படிகத்தின் புறவடிவம் மாறாமலே உள்ளொழுங்கு மட்டும் குலைந்து கண்ணாடியான பொருள் இது. எந்த எரிமலையும் இதை உண்டாக்காது. இப்பொருள் முதன்முதலில் அறியப்பட்டதும் நம் நாட்டில் விழுந்த ஒரு கல்லில்தான். 1865-இல் பீகாரின் ஷெர்காட்டியில் விழுந்த அந்தக் கல், செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்று இன்று அறிகிறோம்.

இனி உருகும் விதத்தைப் பார்ப்போம். விண்கல் வினாடிக்குப் பதினோரு கி.மீ.க்குக் குறையாத வேகத்தில் புவியை நெருங்குகிறது. பெரிய கல்லாயின் காற்று அதைத் தடுக்க இயலாது. பதினைந்து கி.மீ. வேகத்தில் வரும் ஒரு கிலோ கல்லில், இருபத்தைந்து கிலோ டி.என்.டி. வெடிமருந்தை மிஞ்சும் ஆற்றல் உண்டு. உராய்வுச் சூட்டால்தான் பாறை உருகுகிறது என்று நானும் முதலில் எண்ணினேன். அது தவறு. மோதிய இடத்திலிருந்து அதிர்ச்சி அலையொன்று பாறைக்குள் பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் அதை நசுக்குகிறது. மெல்ல அழுத்திய சுருள்வில், விட்டதும் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்துவிடும். திடீரென நசுங்கிய பாறையோ முழுவதையும் திருப்பித் தருவதில்லை. அழுத்தம் நீங்கியபின் ஒரு பங்கு வெப்பமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கும்போது வளைந்த இடம் சுடுகிறதல்லவா, அதுபோல. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய மூன்று லட்சம் மடங்கில் மாஸ்கலினைட் உண்டாகும். ஆறு லட்சம் மடங்கையும் வெகுவாகத் தாண்டினால் பாறையே குழம்பாகும். அதற்கும் மேலே ஆவியாகும்.

இக்குழம்பின் வெப்பம் 2000 டிகிரி சென்டிகிரேடையும் மிஞ்சக்கூடும். வழியில் அகப்பட்ட குளிர்ந்த பாறைத் துண்டுகளை விழுங்கிக்கொண்டு விரைவில் உறைகிறது. ஆகவே, உருகு பாறைக்குள் உருகாத துண்டுகள் கிடக்கும்; அவற்றிலுள்ள குவார்ட்ஸ் படிகங்களில் அதிர்ச்சியின் நுண்கோடுகள் தெரியும். மத்தியப் பிரதேசச் சிவபுரி மாவட்டத்து தாலாவில் எஞ்சிய சான்று இதுவே. 170 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட, சுமார் 11 கி.மீ. அகலமுள்ள அப்பள்ளத்தின் விளிம்பு தேய்ந்துவிட்டது, ஏரியும் இல்லை. எரிமலை சார்ந்தவை என எண்ணப்பட்டிருந்த அங்குள்ள பாறைகள் விண்கல் மோதி உருகியவை என்று, அலகாபாத் பல்கலைக்கழகத்தின் ஜே. கே. பதி குழுவினர் 2008-இல் விளக்கினர்.

உருகிய பாறை ஒரு கடிகாரமும் ஆகும். உருகும்போது பழைய ஆர்கான் வாயு வெளியேறிவிட, கணக்குப் புதிதாகத் தொடங்குகிறது. லோனாரின் வயது ஐம்பதாயிரம் ஆண்டு என்று முன்பு கூறினர். அதன் கண்ணாடியை ஆர்கான் முறையில் சோதித்து 2011-இல் வெளியிட்ட கணக்கோ 5.7 லட்சம் ஆண்டு என்கிறது.

தாத்தாவின் கல்லுக்கு வருவோம். பேராசிரியர் அதன் ஓரத்தைச் சிறிது உடைத்து, உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னார். நம் மலைப் பாறை உருகியிருந்தால் குவார்ட்ஸ் துண்டு ஒன்றேனும் உள்ளே இருக்கவேண்டும். இல்லை. குமிழிகளும், துருவேறிய இரும்புப் பொட்டுகளுமே தெரிந்தன. "கிட்டம் அப்பா இது, கொல்லுலைக் கிட்டம்" என்றார்.

இதைத் தாத்தாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. முழுவதும் கேட்டுக்கொண்டார். "அப்ப நாங்க வர்றதுக்கு முந்தி இந்தக் காட்டுல யாரு தம்பி உலை வச்சது?" என்றார். பிறகு கல்லைத் துடைத்து, உடைந்த பக்கம் சுவரைப் பார்க்க, மாடத்திலேயே வைத்துவிட்டார்.