ஹான்லேயில் ஏன் சிவப்பு?

2024 மே 10ஆம் தேதி இரவு, லடாக்கின் ஹான்லே வானாய்வகத்துக் கேமராக்களில் வடக்கு அடிவானம் செக்கச்செவேலென்று பதிவானது. துருவ ஒளி! நார்வேயின் ட்ரோம்சோவுக்கோ ஸ்வீடனின் கிருனாவுக்கோ போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் அது பெரும்பாலும் பச்சைத் திரையாக நெளியும். ஹான்லேயில் மட்டும் ஏன் சிவப்பு?

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. அவை நேராகத் துருவங்களில் வந்து விழுவதாகவே பலரும் நினைக்கிறோம். நடப்பது அதைவிட அழகானது. பூமியின் காந்தப்புலம் அந்தத் துகள் காற்றுக்கு அணைபோடுகிறது. காற்றோ அந்தப் புலத்தை இரவுப் பக்கமாக நீண்ட வாலாக இழுக்கிறது. கவண் ரப்பரைப் போல வாலில் விசை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் காந்தக் கோடுகள் அறுந்து, புதிதாக இணையும். அப்போது விடுபடும் ஆற்றல் எலெக்ட்ரான்களைப் பூமியை நோக்கி விரட்டுகிறது. நள்ளிரவில் நாம் பார்க்கும் ஒளி, சூரியனுக்கு எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது!

காந்தக் கோடுகளின் வழியே இறங்கும் எலெக்ட்ரான்கள் காந்தத் துருவங்களைச் சுற்றி வளையமாக விழுகின்றன. ட்ரோம்சோ, கிருனா, அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் எல்லாம் வடக்கு வளையத்தின் அடியில் உள்ள ஊர்கள். செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கே போகலாம். தெற்கு வளையம் பெரும்பாலும் அண்டார்க்டிக்காவுக்கும் கடலுக்கும் மேலே கிடக்கிறது. டாஸ்மேனியாவிலும் நியூசிலாந்தின் தென்முனையிலும் அதைச் சில இரவுகளில் காணலாம்.

இனி நிறம். பச்சை, சிவப்பு இரண்டுமே ஆக்சிஜன் அணு தருபவைதான். அடிபட்ட அணு பச்சையை உமிழ ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் போதும். சிவப்பை உமிழவோ ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் அவ்வளவு நேரம் எந்த அணுவையும் சும்மா விடமாட்டார்கள் அக்கம்பக்கத்தார். மோதி ஆற்றலைப் பறித்துவிடுவார்கள். 200 கிலோமீட்டருக்கு மேலே காற்று மிக மிக மெலிவு. அங்கேதான் சிவப்புக்கு அவகாசம் கிடைக்கிறது.

அந்த மே மாத இரவில் பூமியைத் தாக்கிய சூரியப் புயல் இருபது ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பெரியது. வளையம் தெற்கே வெகுதூரம் விரிந்தது. அப்போதும் லடாக்கை எட்டவில்லை. கீழே இருக்கும் பச்சையைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். அதன் மேல் எழும் சிவப்பு மட்டுமே ஹான்லேயின் அடிவானத்துக்கு மேலே தலைகாட்டும். மங்கலான சிவப்பை இருட்டில் காண நம் கண்ணுக்குத் திறன் குறைவு. அடுத்த பெரும்புயலின்போது அங்கே இருக்க வாய்ப்பவர்கள் கேமராவை முக்காலியில் நிறுத்தி, வடக்கே திருப்பி, சில வினாடிகள் திறந்து வைக்கட்டும்.