தப்பும் வட்டமும்: ஒரு கேத்திரகணித நோக்கு

வட்டம், ஒழுங்கான பல்கோணி ஆகியவை பற்றிய கணக்குகளை நூலறிவுக்கே உரியனவாகக் கருதுவது பொதுவழக்கு. மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்து வைத்த சமுதாயத்தில் இக்கருத்து நிலைபெற்றமை வியப்பன்று. மலையகத் தோட்டங்களில் வழங்கும் தப்பு என்னும் தோற்கருவியை ஆராயின் இக்கருத்தின் குறைபாடு புலனாகும்.

நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது பிரட்டுத் தப்பு. காமன் கூத்திலும் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் ஒலிப்பதும் தப்பே. 1954இல் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளையின் ஆங்கிலக் கவிதை நூலான 'தேயிலைத் தோட்டத்திலே'யின் தொடக்கத்திலேயே இவ்வொலி கேட்கிறது. எனினும், அதனைச் செய்தோரும் அடித்தோரும் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டனர்.

தமிழகத்தில் பறை எனப்படும் இவ்வகைக் கருவியின் வட்டச்சட்டம் பெரும்பாலும் மூன்று வளைந்த மரத்துண்டுகளை உலோகத் தகடுகளால் இணைத்துச் செய்யப்படுவதாகும். இங்கே எழும் வினா கேத்திரகணித வினாவே: ஒரு வட்டத்தை மூன்று சமவிற்களாகப் பிரிப்பது எவ்வாறு? ஒவ்வொரு வில்லையும் வெட்டியெடுக்க எவ்வளவு பலகை வேண்டும்?

விட்டம் 14 அங்குலம், ஆரை 7 அங்குலம் எனக் கொள்வோம். ஆரையளவு திறந்த கவராயத்தைப் பரிதியின் வழியே அடியடியாக நகர்த்தினால் சரியாக ஆறு அடிகளில் தொடங்கிய புள்ளியை வந்தடையும். இப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் ஒழுங்கான அறுகோணி அமையும். ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்தால் சமபக்க முக்கோணி அமையும். மூன்று விற்களும் கிடைத்துவிட்டன.

அடுத்தடுத்த மூன்று புள்ளிகளையும் மையத்தையும் இணைத்தால் நான்கு பக்கங்களும் 7 அங்குலமான சாய்சதுரம் ஒன்று தோன்றும். சாய்சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக இருசமக்கூறிடுவன. ஆதலால், முக்கோணியின் பக்கம் மையத்திலிருந்து 3.5 அங்குலத் தொலைவில் அமையும். பைதகரசின் தேற்றப்படி அப்பக்கத்தின் நீளம் ஏறத்தாழ 12.1 அங்குலம். நாணுக்கு மேலே வில் எழும் உயரமும் 3.5 அங்குலமே. ஆகவே, சட்டத்தின் கனத்துக்கெனச் சற்றுக் கூடுதலாக அகலம் விட்டு, சிறியதொரு பலகையிலிருந்து ஒரு துண்டை வெட்டிவிடலாம். ஆறு துண்டுகளாயின் 7 அங்குல நீளமும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த வில்லுயரமும் போதும். ஆனால் பொருத்துகள் மூன்றிலிருந்து ஆறாகப் பெருகும். கைவினைஞர் இதனைத் தாளில் எழுதிக் கணிக்காதிருக்கலாம்; எனினும் கணக்கின் விடை அவர் செய்த சட்டத்தில் உள்ளது.

தோல் மூடும் பரப்பைக் காண்பதற்கும் இவ்வடிவங்களே வழிகாட்டுகின்றன. எந்த ஒழுங்கான பல்கோணியையும் மையத்திலிருந்து சமமான முக்கோணிகளாகப் பிரிக்கலாம். ஆகவே, சுற்றளவின் பாதியை மையத்திலிருந்து பக்கத்துக்கு வரையும் செங்குத்தால் பெருக்கினால் பரப்புக் கிடைக்கும். நமது வட்டத்துள் வரைந்த முக்கோணிக்கு ஏறத்தாழ 63.7 சதுர அங்குலம். அறுகோணிக்கு அதன் இருமடங்கான 127.3, பன்னிருகோணிக்குச் சரியாக 147. பக்கங்கள் பெருகப் பெருகச் சுற்றளவு பரிதியையும், செங்குத்து ஆரையையும் நெருங்குகின்றன. எனவே, பரிதியின் பாதியை ஆரையால் பெருக்குவதே வட்டத்தின் பரப்பு: 22 × 7, அதாவது ஏறத்தாழ 154. காரிநாயனாரின் கணக்கதிகாரம் கூறும் விதியும் இதுவே. ஆர்க்கிமிடீசு அறுகோணியில் தொடங்கி 96 பக்கங்கள் வரை சென்று, பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 22/7இலும் சிறிது குறைந்தது என நிறுவியதும் இவ்வழியிலேயே.

இவ்வறிவு தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாமற் போனமைக்குக் காரணம் அதன் கடினமன்று. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கு விதித்த கல்வி ஆறு முதல் பத்து வயது வரையிலானது. பத்து வயதில் கொழுந்து மலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை கவராயத்தை எங்கே காணும்? 1945இன் இலவசக் கல்வியும் தோட்டப் பாடசாலைகளைப் புறத்தே நிறுத்தியது. 1970களிலேயே அவை அரசின் பொறுப்புக்குப் படிப்படியாக வரலாயின.

தப்பை நாட்டார் கலைப் பொருளாக மட்டும் போற்றுவதில் ஆபத்துண்டு. உழைப்பாளிக்குக் கலையை அளித்து அறிவை மறுக்கும் பழைய பிரிவினையை அது மீண்டும் நிலைநாட்டிவிடும். மலையகப் பாடசாலையின் கரும்பலகையில் வட்டத்துள் அறுகோணி வரையப்படும்போது, அருகே ஒரு தப்பும் வைக்கப்படுதல் வேண்டும். தன் முன்னோரின் கைகள் ஏற்கெனவே தீர்த்துவைத்த கணக்கையே தான் கற்பதை அம்மாணவர் உணர்வர்.