கொட்டகையில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள்: விலை பேசுமுன் கார்புரேட்டரைத் திறந்து பாருங்கள்

விவசாயிகள் பலரது வீட்டில் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்பதைக் காணலாம். ஒரு காலத்தில் பால் கேன் சொசைட்டிக்குப் போனதும், உர மூட்டை வயலுக்கு வந்ததும் அந்த வண்டியில்தான். பிறகு ஒருநாள் உதைத்து உதைத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. புது வண்டி வந்தது. பழையது மூலைக்குப் போயிற்று. பணமுடை வரும்போது, "சும்மா கிடந்து என்ன ஆகப்போகிறது?" என்று பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுகிறோம்.

அவரைக் கூப்பிடுமுன் செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. வண்டியின் கார்புரேட்டரைத் திறந்து பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் விலை பேசி நஷ்டப்பட்டவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன்.

நான் செய்த தவறு

என் தந்தையார் விவசாயி. 1986-ல் நெல் விற்ற பணத்தில் ஓர் இண்ட்-சுசுகி வாங்கினார். அவர் காலமான பின் வண்டி இரண்டு ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றது. விடுமுறையில் ஊருக்குப் போன நான் கிளப்பிப் பார்த்தேன், கிளம்பவில்லை. 'என்ஜின் போய்விட்டது' என்று நானாகவே முடிவு கட்டி, எடைக்கு எடை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டேன். பூச்சியா, நோயா என்று கண்டறியாமல் மருந்து தெளிக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி வருபவன் செய்த காரியம் இது!

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அதே வண்டி கடைத்தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவரை நிறுத்திக் கேட்டேன். "ஸ்லோ ஜெட்டில்தான் அடைப்பு சார். கழற்றிக் காற்றடித்து ஊதினேன். இரண்டாவது உதையில் கிளம்பிவிட்டது" என்றார். வண்டி இன்னும் என் தந்தையார் பெயரிலேயே ஓடியது என்பது அதைவிடப் பெரிய தவறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றுக்கு ஏன் கிராக்கி?

எண்பதுகளில் ஜப்பானிய நிறுவனங்கள் நம் நாட்டு நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து வண்டிகளைத் தயாரித்தன. 1983-ல் ராஜ்தூத் 350 வந்தது. இது யமஹாவின் ஆர்.டி. 350 வகை. 1984-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி 100 சி.சி. வண்டி வந்தது. 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஆகியவை வந்தன. கவாசாகி பஜாஜும் இக்காலத்தில் வந்ததே. இவற்றில் சி.டி. 100 நான்கு ஸ்ட்ரோக் என்ஜின். மற்றவை இரண்டு ஸ்ட்ரோக்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றது. இனி வராத பொருள் என்பதால் நகரத்து இளைஞர்கள் தேடி வருகிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஆர்.எக்ஸ். 100-க்கு லட்சத்தைத் தாண்டியும் விலை சொல்கிறார்கள். எல்லாப் பழைய வண்டிக்கும் இந்த விலை கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் ஓடுகிற வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம் எல்லாவற்றுக்கும் பொது.

விற்பதற்காகப் புதுப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. வாங்குபவர் பழைய டேங்க், பழைய பக்க மூடி, பழைய கார்புரேட்டர் அப்படியே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.

கார்புரேட்டர் ஏன் அடைக்கிறது?

காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதன் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலெழும்பி வழியை அடைக்கும். அங்கிருந்து பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்ணிய துளைகள் வழியே போகிறது. வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓட ஸ்லோ ஜெட். வேகமாகப் போக மெயின் ஜெட்.

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உப்புப் படிந்த சொட்டுவான் அடைத்துக் கொள்வதால் மோட்டாரைக் குறை சொல்ல முடியுமா? அதே கதைதான் இங்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவு தங்கிவிடுகிறது. ஊசி முனை போன்ற ஸ்லோ ஜெட் துளை முதலில் அடைக்கிறது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2022-ல் பெட்ரோலில் நூற்றுக்கு 10 பங்காக இருந்த எத்தனால், 2025-ல் 20 பங்கை எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுடையது. பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல; அவை உப்பி வெடிக்கலாம். டேங்கின் உள்ளே துருவும் பிடிக்கலாம்.

அறிகுறி கொண்டு கோளாறு அறிதல்

1. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது: ஸ்லோ ஜெட் அடைப்பாக இருக்கலாம்.

2. மெதுவாக ஓடுகிறது, முறுக்கினால் இழுக்கவில்லை: மெயின் ஜெட்டையும் பெட்ரோல் டேப்பின் வலையையும் பார்க்கவும்.

3. சிறிது தூரம் ஓடி நிற்கிறது. டேங்க் மூடியைத் திறந்தால் மறுபடி ஓடுகிறது: மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

4. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது: மிதவையின் ஊசியில் தூசி உள்ளது அல்லது மிதவை ஓட்டையாகிவிட்டது.

5. பிளக் கறுத்து ஈரமாக இருக்கிறது: பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் பில்டரையும் பார்க்கவும். பிளக் வெளுத்திருக்கிறது: பெட்ரோல் போதவில்லை, அல்லது கார்புரேட்டரை என்ஜினுடன் இணைக்கும் ரப்பர் வெடித்துக் காற்று உள்ளே போகிறது. இந்நிலையில் வேகமாக ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வறுத்த காபிக்கொட்டை நிறம் இருந்தால் எல்லாம் சரி.

சுத்தம் செய்யும் முறை

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். அடுப்பு, பீடி, வைக்கோற்போர் ஆகியவற்றிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் செய்ய வேண்டும். டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். டேப்பை மூடிக் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரை எடுத்து ஒரு வெள்ளைத் துணி மேல் வையுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் எடுத்துக் கொள்வது நலம். நடு ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருந்தது என்பதை மட்டும் தவறாமல் குறித்துக் கொள்ளவும். கிண்ணத்தின் ஸ்குரூக்கள் மென்மையானவை. சரியான அளவு திருப்புளி இல்லாவிட்டால் தலை தேய்ந்துவிடும்.

ஜெட்களைக் கழற்றிப் புதுப் பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்து ஊத வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தவே கூடாது. துளை பெரிதானால் ஜெட் கெட்டது என்றே பொருள். பெட்ரோல் செலவு கூடிவிடும். ரப்பர் பாகங்களைத் தின்னரில் போடக் கூடாது. மாற்ற வேண்டிய வாஷர், ஊசி முதலியவை 'கார்புரேட்டர் கிட்' என்று கடைகளில் ஒன்றாகவே கிடைக்கின்றன.

மீண்டும் பூட்டிய பின் ஏர் ஸ்குரூவை மெதுவாக முழுவதும் மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைத்துக் கிளப்புங்கள். பிறகு சிறிது சிறிதாகத் திருப்பி, என்ஜின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பம்பு வேலை செய்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பம்பைக் கழற்றிவிட்ட வண்டி என்றால் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் என்ஜின் பாழாகும்.

ஆர்.சி. புத்தகம்

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; இதற்குப் படிவம் 25. தாமதக் கட்டணம், பசுமை வரி ஆகியவையும் உண்டு. 20 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ல் உயர்த்தப்பட்டது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் செலவை விசாரித்துக்கொண்டு விலை பேசுவது நன்று.

வண்டி காலமான தந்தை பெயரில் இருந்தால், முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். விற்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, பெயர் மாறும் வரை விடாமல் கவனிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில ஆயிரத்துக்கு விற்ற வண்டிக்காக நிலத்தை இழக்கும் நிலை வரலாம். என் தந்தையார் பெயரில் ஓடிய வண்டியைப் பார்த்தபின் எனக்குப் பல இரவுகள் தூக்கம் வராததற்குக் காரணம் இதுவே.

இத்தகைய வண்டியை வாங்க விரும்புவோரும் என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் புத்தகத்துடன் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எண்களைச் சுரண்டிய தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பழைய வண்டிக்குக் கிராக்கி இருக்கிறது என்று கேட்டு, வட்டிக்குக் கடன் வாங்கி இதில் இறங்குவது விவசாயிக்கு ஏற்றதல்ல.

விற்காமல் வைத்துக்கொள்வோர், வண்டியை நிறுத்தி வைக்குமுன் டேப்பை மூடி, கிண்ணத்துப் பெட்ரோல் தீரும் வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். தெளிப்புப் பருவம் முடிந்து பரணில் ஏற்றும் பவர் ஸ்பிரேயருக்கும் இதே முறைதான்.

ஆகவே, கிளம்பாத வண்டி என்றால் செத்த வண்டி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு திருப்புளி, கொஞ்சம் புதுப் பெட்ரோல், ஒரு காலை நேரம் போதும். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக் கொள்ளலாம்.