காயலான் கடைக்குப் போகும் முன்

ஓட்டம் நின்றுபோன காரின் எஞ்சினை எடைக்குப் போட்டால் இரும்புக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை, அவ்வளவுதான். அதே எஞ்சின் சென்னை புதுப்பேட்டையில் பிரிக்கப்பட்டால் ஒவ்வொரு பாகமும் தனி விலைக்குப் போகும். எது எந்தப் பாகம், எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாமல் விற்பவர், வாங்குபவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ஊரப்பாக்கம் பக்கத்து மாணவர்கள் சிலர் பட்டறை வேலைக்கும் போகிறவர்கள். ஒன்பதாம் வகுப்பு 'அளவீடு' பாடத்தில் இரும்புக் குண்டோடு நிறுத்தாமல், கரி துடைத்த பழைய பாகங்கள் சிலவற்றையும் மேசையில் வைக்கலாம்.

முதலில் பிஸ்டன். பல பிஸ்டன்களின் தலையில் அளவுக் குறி இருக்கும். 'எஸ்.டி.டி.' என்றால் ஆலையில் வந்த அளவு. 0.50 என்றால், தேய்ந்த சிலிண்டரின் விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டிக் கடைந்திருக்கிறார்கள். பட்டறையில் இதை ரீபோர் என்பார்கள். மாருதி 800-ன் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 72 மி.மீ., சிலிண்டர்கள் மூன்று. உருளையின் கன அளவு வாய்பாட்டில் போட்டால் 796 கன செ.மீ. வரும். 'எண்ணூறு' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

பள்ளியில் உள்ள திருகு அளவியின் வாயில் பிஸ்டன் அடங்காது, அதற்கு வெர்னியர்தான். வால்வுத் தண்டு அடங்கும். தண்டை மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். வால்வு வழிகாட்டிக்குள் உரசும் இடத்தில் சில நூறில் பங்கு மி.மீ. குறைந்திருந்தால் அது தேய்மானம். மீச்சிற்றளவு 0.01 மி.மீ. எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இரண்டு வால்வுகளில் தலை பெரியது காற்று உள்ளே வரும் வால்வு. அதில் காந்தம் ஒட்டும். புகை வெளியேறும் வால்வு அதிக வெப்பம் தாங்கும் வேறுவகை எஃகு என்பதால் அதன் தலையில் பெரும்பாலும் ஒட்டாது.

கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. முட்டை வடிவ மேடுகள் இருப்பது கேம். நடு அச்சிலிருந்து விலகிய கழுத்துகள் இருப்பது கிராங்க்.

கனெக்டிங் ராடில்தான் கவனம் அதிகம் வேண்டும். அதன் பெரிய முனையையும் மூடியையும் சேர்த்துப் பூட்டித்தான் துளையைக் கடைகிறார்கள். பக்கவாட்டில் பொறித்த எண்கள் பொருந்த வேண்டும். மூடி மாறினால் துளை சரியான வட்டமாக இராது, பேரிங் சீக்கிரம் போய்விடும். அதனால் மூடியில்லாத ராடு இரும்பு விலைதான் பெறும்.

பிளாக்கை மட்டும் அவசரப்பட்டு விற்கக் கூடாது. எஞ்சின் எண் பொறித்திருப்பது அதில்தான்; அது ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கிறது. இனி ஓடவே முடியாத வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. பதிவை ரத்து செய்த பிறகு பிளாக்கை விற்கலாம்.